தட்டிலும் தரையிலும் இறைவன் வைத்த அருட்கொடைகள்

 



திருக்குர்ஆனின் 67ஆவது அத்தியாயமாகிய ஸூரத்துல் முல்க்கை இரவில் ஓதிவிட்டு உறங்கச் செல்லும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அதன் 15ஆவது வசனத்தில் அல்லாஹுத்தஆலா இரண்டு நிஃமத்துகளை அடுத்தடுத்து நினைவூட்டுகிறான். பூமியை மனிதனுக்கு இணக்கமானதாக ஆக்கித் தந்திருப்பதைச் சொல்லி, அதன் பல பாகங்களிலும் நடக்கும்படியும், தான் அளித்த ரிஸ்கிலிருந்து உண்ணும்படியும் ஏவுகிறான். மீண்டும் உயிர் பெற்று எழுந்து அவனிடமே செல்லவேண்டும் என்பதையும் சொல்லி அந்த வசனத்தை நிறைவு செய்கிறான். நடப்பது, உண்பது, மீள்வது ஆகிய மூன்றும் ஒரே வசனத்திற்குள் அமைந்துள்ளன.

இவ்வசனத்தில் பூமிக்கு ‘தலூல்’ என்ற அரபுச் சொல் ஆளப்பட்டுள்ளது. நன்கு பழக்கப்பட்டு, ஏறிச் செல்பவருக்குக் கட்டுப்பட்டு நடக்கும் வாகனப் பிராணிக்குச் சொல்லப்படும் சொல் அது. பூமி நம்மைத் தள்ளிவிடாமல், வழுக்கிவிடாமல், தன் முதுகின் மீது சுமந்து செல்கிறது. அதன் மீது நடக்கிறோம். அதிலிருந்தே உண்கிறோம். இவ்விரண்டையும் இன்று சற்று விரிவாகச் சிந்திப்போம்.

மக்தபில் ஒரு மாலை

சில மாதங்களுக்கு முன் மாலை மக்தபுக்கு ஓதவரும் மாணவன் ஒருவன், மறுநாள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் தேர்வு இருப்பதாகச் சொல்லி விடுமுறை கேட்டான். என்ன பாடம் என்று விசாரித்தேன். “உணவில் உள்ள சத்துகள், உராய்வு விசை, ரெண்டு பாடம் ஹள்ரத்” என்றான். உடன் வந்திருந்த அவனுடைய தந்தை குறுக்கிட்டு, “அதெல்லாம் உலகப் படிப்பு ஹள்ரத், நீங்க ஓதிக் கொடுங்க” என்றார். மார்க்கத்தின் மீதுள்ள பிரியத்தால்தான் அவர் அப்படிச் சொன்னார். ஆனால் அந்தச் சொல் என் மனத்தில் தைத்தது. பையனிடம் புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். ஒரு பாடம் மனிதன் எப்படி நடக்கிறான் என்றும், மற்றொன்று அவன் எதை உண்கிறான் என்றும் விளக்கிக்கொண்டிருந்தது.

ஹிஜ்ரி 505இல் வஃபாத்தான இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், தம்முடைய ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலின் கல்வி பற்றிய பகுதியில், மருத்துவத்தையும் கணக்கையும் ஃபர்ளு கிஃபாயாவான கல்விகளில் சேர்த்துள்ளார்கள். ஊரில் ஒருவருமே அதைக் கற்காவிட்டால் ஊரார் அனைவரும் குற்றவாளிகளாவார்கள் என்பது இதன் பொருள். உடலைக் காக்கும் அறிவு மார்க்கத்திற்கு அந்நியமானதன்று என்பதை இதிலிருந்து விளங்கலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். திருமறை நேர்வழி காட்டும் வேதம். அதில் உராய்வு விசையின் சூத்திரமும் வைட்டமின்களின் பட்டியலும் இருக்கின்றன என்று நான் சொல்ல வரவில்லை. அத்தகைய வாதங்களில் நமக்குத் தேவையும் இல்லை. அல்லாஹ் தந்த நிஃமத்தின் அளவு தெரிந்தால்தான் நன்றியின் அளவும் கூடும். அந்த அளவைத் தெரிந்துகொள்ளப் பள்ளிக்கூடத்துப் பாடம் நமக்கு உதவுகிறது.

ஒரு ஃபஜ்ர் வேளை

என்னுடைய இமாமத் பணியின் தொடக்க காலத்தில் நடந்த சம்பவம் இது. ஊர் பேர் வேண்டாம். அந்த மஹல்லாவில் முதல் ஸஃப்பை விடாத பெரியவர் ஒருவர் இருந்தார். மோதினார் பாங்கு சொல்லி முடிக்கும் முன்பே வந்துவிடுவார். ஐப்பசி மாதத்து அடைமழைக்குப் பிறகு ஹவுளைச் சுற்றியிருந்த தரையில் பாசி படர்ந்திருந்தது. அதைச் சுத்தம் செய்யவேண்டுமென்று பேச்சு எழுந்து, அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போயிற்று. ஒரு நாள் ஃபஜ்ருக்கு உளூ செய்து எழுந்தவர் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நடந்தது. ஆயினும் அவரால் மீண்டும் முதல் ஸஃப்புக்கு வர முடியவில்லை. ஒன்றரை ஆண்டுக்குப் பின் அவருடைய ஜனாஸாதான் பள்ளிவாசலுக்கு வந்தது.

அந்தப் பாசியை நானும் ஒவ்வொரு நாளும் பார்த்திருந்தேன். அதைத் தாண்டித்தான் தொழவைக்கச் சென்றேன். இன்றுவரை அதை நினைத்து இஸ்திஃக்பார் செய்கிறேன்.

மருத்துவமனையில் அவரைப் பார்க்கச் சென்றபோது மருத்துவர் சொன்னார்: “வழுக்கி விழுந்தது ஒரு காரணம். எலும்பு ஏற்கெனவே பலமிழந்திருந்தது இன்னொரு காரணம்.” அவருடைய துணைவியாரிடம் கேட்டபோது, பல ஆண்டுகளாக அவர் காலையில் தேநீரும் பன்னும், மதியம் ரசச் சோறும், இரவில் கஞ்சியுமாகவே காலம் தள்ளியது தெரியவந்தது. ஒரு முதியவரின் வீழ்ச்சிக்குத் தரையும் தட்டும் சேர்ந்து காரணமாகிவிட்டன. அந்த மாணவனின் இரண்டு பாடங்களும் என் நெஞ்சில் தைத்ததற்குக் காரணம் இதுவே.

தரை நம்மைத் தாங்கும் விதம்

இரு பொருள்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நகரும்போது, அல்லது நகர முற்படும்போது, அந்த நகர்வை எதிர்க்கும் விசையே உராய்வு விசை. கண்ணாடிபோல் வழவழப்பாகத் தோன்றும் பரப்பிலும் கண்ணுக்குப் புலப்படாத மேடு பள்ளங்கள் உண்டு. அவை ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதாலும், நெருங்கித் தொடும் இடங்களில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்ப்பதாலும் இந்த எதிர்ப்பு உண்டாகிறது. பிரெஞ்சு அறிஞர் அமோண்டன் 1699ஆம் ஆண்டில் இதன் விதிகளை எடுத்துரைத்தார். அவருக்குப் பின் கூலும் என்பவர் 1785இல் வெளியிட்ட ஆய்வில் அவற்றை மேலும் விரிவாக்கினார். பரப்பின் தன்மையையும், ஒரு பொருள் மற்றொன்றின் மீது எவ்வளவு அழுத்துகிறது என்பதையும் பொறுத்தே உராய்வு கூடும் அல்லது குறையும் என்பது அவற்றின் சாரம்.

நாம் எப்படி நடக்கிறோம்? காலைப் பின்னோக்கித் தரையில் அழுத்துகிறோம். தரை அந்தக் காலை நழுவவிடாமல் பற்றிக்கொண்டு நம்மை முன்னோக்கித் தள்ளுகிறது. இந்தப் பிடிப்பு இல்லையென்றால் கால் பின்னால் வழுக்க, உடல் முன்னேறாது. எண்ணெய் கொட்டிய தரையில் ஓரடி எடுத்து வைத்தவருக்கு இது நன்கு தெரியும்.

நடப்பதற்கு மட்டுமா? நாம் உடுத்தியிருக்கும் கைலியின் இழைகள் பிரியாமல் நிற்பதும், கயிற்றில் போட்ட முடிச்சு அவிழாமல் இருப்பதும், சுவரில் அறைந்த ஆணி கழன்று விழாமல் நிற்பதும், பிள்ளைகளின் பென்சில் தாளில் எழுதுவதும், தீக்குச்சி பற்றிக்கொள்வதும் உராய்வினாலேயே. ஒரே ஒரு நாள் அல்லாஹ் உலகிலிருந்து உராய்வை எடுத்துவிட்டால், எழுந்து நிற்கக்கூட நம்மால் இயலாது.

அதே உராய்வு இயந்திரங்களைத் தேய்க்கிறது. சூடேற்றுகிறது. எரிபொருளை வீணாக்குகிறது. ஆகவே மசகெண்ணெய் இடுகிறோம், பால் பேரிங் வைக்கிறோம். சறுக்கும் பொருளைவிட உருளும் பொருளுக்கு உராய்வு குறைவு என்பதால் சக்கரம் பூட்டுகிறோம். இதனால் பாடநூல்களில் உராய்வைத் ‘தேவையான தீமை’ என்று சொல்லும் வழக்கம் ஏற்பட்டது. அல்லாஹ் ஒவ்வொரு பொருளையும் ஓர் அளவின்படியே படைத்திருப்பதாக ஸூரத்துல் கமரின் 49ஆவது வசனம் தெரிவிக்கிறது. உராய்வு மிகுந்திருக்க வேண்டிய இடத்தில் அதை நாம் குறைத்துவிடும்போதுதான் தீமை பிறக்கிறது.

உளூ செய்யும் இடம் அத்தகைய இடம். தண்ணீர் தேங்கும்போது பாதத்திற்கும் தரைக்கும் இடையே ஒரு நீர்ப்படலம் புகுந்துகொள்கிறது. பாசியும் சோப்பும் சேர்ந்தால் மசகெண்ணெய் பூசியது போலாகிவிடும். அங்கே போய் அழகுக்காகப் பளபளக்கும் கிரானைட் கல்லைப் பதிக்கிறோம்! பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. தெருவில் கிடக்கும் முள்ளுக்கே இந்த அந்தஸ்து என்றால், தொழுகையாளி கால் வைக்கும் தரையில் படர்ந்த பாசியை அகற்றுவதற்கு எவ்வளவு நன்மை இருக்கும்!

தட்டில் இருக்க வேண்டியவை

அன்பிற்குரியவர்களே! ஸூரத்து அபஸவின் 24ஆவது வசனம், மனிதன் தன் உணவின் பக்கம் பார்வையைச் செலுத்தவேண்டும் என்கிறது. தொடர்ந்துவரும் வசனங்களில் மழை பொழிவதும், பூமி பிளப்பதும், தானியம், திராட்சை, காய்கறி, ஒலிவம், பேரீச்சை, கனிகள் முளைத்து வருவதும் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. தட்டு நிறைந்ததா என்று மட்டும் பார்க்கிறோம். அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

உணவிலுள்ள சத்துகளை ஆறு வகையாகப் பிரிக்கிறார்கள். மாவுச்சத்தும் கொழுப்பும் உடலுக்குச் சக்தி தருபவை. 1 கிராம் மாவுச்சத்தில் சுமார் 4 கிலோ கலோரியும், 1 கிராம் கொழுப்பில் சுமார் 9 கிலோ கலோரியும் கிடைக்கின்றன. புரதம் தசையை வளர்க்கிறது, தேய்ந்ததைப் புதுப்பிக்கிறது. வைட்டமின்களும் தாது உப்புகளும் மிகச் சிறிய அளவிலேயே தேவைப்படுகின்றன. ஆனால் அவை குறைந்தால் உடலின் வேலைகள் நின்றுபோகும். ஆறாவது தண்ணீர். இவற்றோடு, குடல் ஒழுங்காக இயங்க நார்ச்சத்தும் வேண்டும்.

இதை விளங்க வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. ரமளானில் நம் பள்ளிவாசல்களில் காய்ச்சப்படும் நோன்புக் கஞ்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். அரிசியில் மாவுச்சத்து, பாசிப்பருப்பிலும் கொத்துக்கறியிலும் புரதம், தேங்காய்ப்பாலில் கொழுப்பு, வெந்தயத்தில் நார்ச்சத்து, தக்காளியிலும் மல்லி புதினாவிலும் வைட்டமின்கள், கஞ்சி முழுவதிலும் தண்ணீர். அரிசியின் புரதத்தில் லைசின் என்ற கூறு குறைவு. பருப்பில் அது நிறைவு. பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் உண்டு. இரண்டும் சேரும்போது ஒன்றன் குறையை மற்றொன்று நிறைவு செய்கிறது. நம் முன்னோர்கள் எந்த ஆய்வுக்கூடத்திலும் படிக்காமல் ஒரு சட்டியில் இவற்றைச் சேர்த்தார்கள். ரமளானில் முப்பது நாள் கடைப்பிடிக்கும் இந்தச் சமநிலையை, ஷவ்வால் பிறந்ததும் நாம் மறந்துவிடுகிறோம். பிறகு ஒரு மலைச் சோறும் ஒரு கரண்டி குழம்பும்தான்.

கோழிகள் சொன்ன பாடம்

சோற்றைப் பற்றிப் பேசும்போது ஒரு வரலாற்றை அறிவது நலம். 1880களின் இறுதியிலும் 1890களிலும் இன்றைய இந்தோனேசியாவின் ஜாவாவில் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர் பணியாற்றினார். கால்கள் மரத்து, தள்ளாடி, நடக்க இயலாமல் போகும் பெரிபெரி என்ற நோய் அங்கே பரவியிருந்தது. கிருமியால் வருகிறதா என்று அவர் தேடிக்கொண்டிருந்த வேளையில், ஆய்வுக்கூடத்துக் கோழிகளும் அதே போல் தள்ளாடி விழுந்தன. பின்னர் அவை தாமாகவே குணமடைந்தன. விசாரித்தபோது, இடையில் சில மாதங்கள் அவற்றுக்கு ராணுவ மருத்துவமனைச் சமையலறையின் தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு போடப்பட்டதும், புதிய சமையற்காரர் அதை மறுத்தபின் தீட்டாத அரிசி போடப்பட்டதும் தெரிந்தது. தவிட்டோடு போய்விட்ட ஒரு சத்துதான் காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று. அதை இன்று வைட்டமின் பி1 என்கிறோம். எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

உண்பதில் வந்த குறை, நடப்பதைப் பறித்துவிட்டது என்பதைக் கவனியுங்கள்! அரிசி வெண்மையாகவும் மெல்லியதாகவும் இருந்தால்தான் கௌரவம் என்று எண்ணுகிறோம். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள பி வைட்டமின்களின் ஒரு பகுதி அரிசியின் உள்ளே சென்றுவிடுகிறது. ஆகவே பச்சரிசியைவிடப் புழுங்கல் அரிசி மேலானது.

வீட்டுப் பெண்களின் தட்டு

இனி நான் சொல்லப்போவதை வீட்டுத் தலைவர்கள் கவனமாகக் கேட்கவேண்டும். 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. 15 முதல் 19 வயதுப் பெண்பிள்ளைகளில் அது 59 விழுக்காடு. நூறு குமருகளில் ஐம்பத்தொன்பது பேர்! நம் வீட்டுப் பிள்ளைகள் இந்தக் கணக்கிற்கு வெளியே இல்லை.

இரத்தத்தின் சிவப்பணுக்கள் உயிர்க்காற்றைச் சுமந்து செல்ல இரும்புச்சத்து தேவை. மாதந்தோறும் இரத்தம் இழக்கும் பெண்களுக்கு அது கூடுதலாகத் தேவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராம் என்றால், பெண்ணுக்கு 29 மில்லிகிராம் என்கிறது. ஆனால் நடைமுறை என்ன? விருந்தென்றால் ஆண்கள் முதல் ஸஹனில் கறியும் ஈரலும் உண்டு எழுந்தபின், பெண்கள் மிஞ்சிய குழம்பில் சோற்றைப் பிசைந்து உண்கிறார்கள். கூடுதலாகத் தேவைப்படுபவருக்குக் குறைவாகக் கிடைக்கிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, ஓத உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது என்று பிள்ளை சொன்னால், சோம்பல் என்று ஏசுகிறோம். தன் குடும்பத்தாரிடம் சிறந்து நடப்பவரே உங்களில் சிறந்தவர் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸ் திர்மிதீயில் உள்ளது. அந்தச் சிறப்பு சாப்பாட்டு விரிப்பிலிருந்து தொடங்கட்டும்.

ஈரல், கறி, மீன் ஆகியவற்றின் இரும்புச்சத்து உடலில் எளிதாகச் சேரும். கீரை, பருப்பு வகைகளின் இரும்புச்சத்து சேர்வது சற்றுக் கடினம். அதனோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்த்தால், அவற்றிலுள்ள வைட்டமின் சி அதைச் சேரச் செய்கிறது. சாப்பிட்ட கையோடு தேநீர் அருந்துவது நம்மவர் வழக்கம். தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்புச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆகவே ஒரு மணி நேரமாவது கழித்து அருந்துங்கள். பள்ளிக்கூடத்தில் வாரம் ஒருமுறை தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளைகள் ஜன்னல் வழியே எறிந்துவிடாமல் விழுங்கச் சொல்லுங்கள். குடற்புழு மாத்திரையையும் தவிர்க்க வேண்டாம்.

எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அது உணவிலிருந்து உடலில் சேர வைட்டமின் டி வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. பால், தயிர், முள்ளோடு உண்ணும் சிறு மீன் ஆகியவற்றிலும் உண்டு. வைட்டமின் டியோ பெரும்பாலும் வெயில் தோலில் படும்போது உடலிலேயே உருவாகிறது. ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலில் அது உருவாகாது. நம் பெண்கள் பர்தாவைப் பேணுவது இறைக்கட்டளை. அது இதற்குத் தடையன்று. வீட்டு முற்றத்திலோ, மறைப்புள்ள மொட்டை மாடியிலோ, முகமும் முன்கையும் வெயிலில் படச் சிறிது நேரம் அமர்ந்தால் போதும். வெயில் புகாத அறைக்குள் நாள் முழுவதும் அடைந்து கிடப்பதே குறை. மாத்திரை தேவையா என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

குறைவு ஒரு நோய் என்றால் மிகுதி மற்றொரு நோய். இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து, 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. வயிற்றில் மூன்றில் ஒரு பகுதி உணவுக்கும், ஒரு பகுதி நீருக்கும், ஒரு பகுதி மூச்சுக்கும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் வகுத்துத் தந்ததை மிக்தாம் இப்னு மஃதீகரிப் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். வலீமா விருந்துகளில் இந்த ஹதீஸ் நம் நினைவுக்கு வருவதேயில்லை.

இரண்டும் சந்திக்கும் இடம்

நடப்பதும் உண்பதும் வெவ்வேறு விஷயங்கள் என்று எண்ணிவிட வேண்டாம். பல்லிடையே உணவு அரைபடுவது உராய்வினால். அது தொண்டையில் இறங்கும்போது உராய்வு கூடாது. ஆகவே அல்லாஹ் உமிழ்நீரை வைத்தான். அது கவளத்தை வழவழப்பாக்கி இறக்குகிறது. அதே உமிழ்நீர் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும் வேலையையும் தொடங்கிவிடுகிறது. வெறும் சோற்றை நெடுநேரம் மென்றால் இலேசாக இனிப்பது இதனாலேயே.

ருகூவுக்குக் குனிகிறோம், ஸஜ்தாவுக்கு மடங்குகிறோம். முழங்கால் மூட்டில் எலும்போடு எலும்பு உரசாமல் குருத்தெலும்பும், அதனிடையே ஒரு திரவமும் வைக்கப்பட்டுள்ளன. அங்கே உராய்வு வியக்கத்தக்க அளவுக்குக் குறைவு. அந்தக் குருத்தெலும்புக்குள் இரத்தக் குழாய் இல்லை. மூட்டு அழுந்தி விரியும்போது அந்தத் திரவத்தின் வழியாகவே அதற்குச் சத்துகள் சென்று சேர்கின்றன. உராய்வைத் தடுக்கும் திரவமே உணவையும் சுமந்து செல்கிறது! முழங்காலுக்காக நாம் தொழுவதில்லை. ஆனால் தொழும்போது அந்த முழங்காலைப் படைத்தவனை நினைக்காமல் இருக்கலாமா?

ஜும்ஆவுக்கு விரையும் வாகனங்கள்

இளைஞர்களே! உங்களுக்கும் ஒரு செய்தி உண்டு. பிரேக் பிடிக்கும்போது வண்டியை நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள உராய்வே. காய்ந்த தார்ச்சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, பிரேக் பிடித்த பின் சுமார் 9 மீட்டர் தூரத்தில் நிற்கும் என்றால், 80 கிலோமீட்டர் வேகத்தில் 36 மீட்டர் ஆகும். வேகம் இரு மடங்கானால் தூரம் நான்கு மடங்கு. சாலை நனைந்திருந்தால் இன்னும் அதிகம். டயரிலுள்ள வரிப்பள்ளங்கள் தண்ணீரை வெளியேற்றித் தரையைப் பற்றிக்கொள்வதற்காக வெட்டப்பட்டவை. அவை தேய்ந்து மொட்டையான டயரில், மழையில், மூன்று பேரை ஏற்றிக்கொண்டு குத்பாவுக்குப் பறக்கிறீர்கள். தொழுகைக்கு ஓடிவராமல் நிதானமாகவும் கண்ணியமாகவும் வருமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தது புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அர்ரஹ்மானின் அடியார்கள் பூமியில் பணிவோடு நடப்பார்கள் என்பது ஸூரத்துல் ஃபுர்கானின் 63ஆவது வசனம் தரும் இலக்கணம். வாகனத்தில் செல்வதும் பூமியில் நடப்பதுதான்.

நாம் செய்ய வேண்டியவை

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். உளூ செய்யும் இடத்திலும் கழிவறையிலும் சொரசொரப்பான ஓடுகளைப் பதியுங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையாவது பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். முதியோர் பிடித்து எழ ஒரு கம்பி, உட்கார ஒரு திண்ணை, ஃபஜ்ரிலும் இஷாவிலும் போதிய வெளிச்சம், ஈரக்கால் துடைக்க ஒரு மிதியடி ஆகியவற்றுக்கு ஆகும் செலவு, மினாராவுக்கு வண்ணம் பூசும் செலவைவிடக் குறைவு. அடுத்த கூட்டத்திற்குத் தள்ளிவைக்காதீர்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். இன்று வீடு சென்றதும் தட்டைப் பாருங்கள். சோறு குறையட்டும். பருப்பும் கீரையும் முட்டையும் பழமும் கூடட்டும். முதலில் மகளுக்கும் மனைவிக்கும் பெற்றோருக்கும் வைத்துவிட்டு உங்களுக்கு வையுங்கள். குளியலறைத் தரையைப் பாருங்கள். தாயோ தந்தையோ அங்கே கால் வைக்கும்போது எதைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று கவனியுங்கள்.

மாணவச் செல்வங்களே! உங்கள் அறிவியல் பாடத்தை பிஸ்மில்லாஹ் சொல்லித் திறங்கள். அன்று அந்த மாணவனுக்கு விடுமுறை கொடுத்து, படித்ததை மறுநாள் வந்து எனக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் விளக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு அனுப்பிவைத்தேன். வந்து விளக்கினான். அவனுடைய தந்தையும் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மீள்வது அவனிடமே

ஒரு நாள் பசியின் காரணமாக வீட்டை விட்டு வெளியே வந்த நபி (ஸல்) அவர்கள், அதே காரணத்தால் வெளியே வந்திருந்த அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) இருவரையும் அழைத்துக்கொண்டு அன்ஸாரித் தோழர் ஒருவரின் இல்லம் நடந்து சென்றார்கள். அவர் பேரீச்சங்குலை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். ஆடு அறுத்து விருந்தளித்தார். உண்டு, நீரருந்தியபின், இந்த நிஃமத்தைப் பற்றி மறுமையில் விசாரிக்கப்படுவீர்கள் என்று தம் இரு தோழர்களிடமும் பெருமானார் (ஸல்) அவர்கள் கூறினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறும் நிகழ்ச்சி இது. பசித்திருந்து உண்ட ஒரு வேளை உணவுக்கே விசாரணை என்றால், நாள்தோறும் மூன்று வேளை உண்ணும் நமக்கு?

முல்க் ஸூராவின் அந்த வசனம் மீளுதலைச் சொல்லி முடிகிறது. நடந்த கால்களும் உண்ட வயிறும் அங்கே கேட்கப்படும். “நீ நடக்கத் தரையை வசமாக்கினேன், பிறர் நடக்கும் தரையை என்ன செய்தாய்? உனக்கு உணவளித்தேன், உன் பொறுப்பில் இருந்தவர்களின் தட்டைப் பார்த்தாயா?” என்று கேட்கப்பட்டால் என்ன பதில் சொல்வோம்? ஹவுள் அருகே விழுந்த அந்தப் பெரியவரை எண்ணும்போதெல்லாம் என் உள்ளம் நடுங்குகிறது.

யா அல்லாஹ்! நீ அளித்த ரிஸ்கை அறிந்து உண்டு, பூமியில் பணிவோடு நடந்து, உனக்கு நன்றி செலுத்தும் நல்லடியார்களாக எங்களை ஆக்குவாயாக! எங்கள் முதியவர்களின் கால்களை இம்மையில் தரையிலும், மறுமையில் ஸிராத் பாலத்திலும் வழுக்காமல் காப்பாயாக! எங்கள் பெண்மக்களுக்கும் குழந்தைகளுக்கும் உடல் நலத்தையும் பயனுள்ள கல்வியையும் தந்தருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.